அத்தியாயம் 6: ஒரு விதி, ஓரிடம் – சர்வர் துணுக்குகளைப் பிரித்து வைக்கும் முறை

குட்டிக்கானத்திலிருந்து கட்டப்பனை போகும் சாலையில், வாகமண்ணுக்கு வழி பிரியும் ஊர் ஏலப்பாறை. இடுக்கி மாவட்டம், பீர்மேடு தாலுகா. தேயிலையும் ஏலமும் விளையும் மலை; தமிழும் மலையாளமும் புழங்கும் கடைத்தெரு. இப்படிப்பட்ட ஊரில் இணையதளம் கேட்பவர்கள் பெரும்பாலும் மூன்று வகை. வாகமண் பார்க்க வருபவர்களுக்கு அறை விடுபவர் ஒருவர். ஏலக்காயும் தேயிலைத்தூளும் வெளியூருக்கு அனுப்புபவர் இன்னொருவர். மூன்றாவது, இரண்டு மொழியிலும் அறிவிப்பு வெளியிட வேண்டிய பள்ளி, நூலகம், சங்கம். ஒவ்வொருவருக்கும் தனி சர்வர் தேவையில்லை. மாத வாடகைக்கு எடுத்த ஒரு சிறிய லினக்ஸ் சர்வரில் இந்தத் தளங்கள் எல்லாமே தாராளமாக ஓடும்.

சிக்கல் வேறிடத்தில் வருகிறது. முதல் தளத்துக்கு எழுதிய கான்ஃபிக் கோப்பை நகலெடுத்து, பெயரை மாற்றி, இரண்டாவது தளத்துக்கு வைப்போம். மூன்றாவதுக்கும் அப்படியே. ஒரு வருடம் போனால் ஒவ்வொரு கோப்பும் ஒவ்வொரு விதமாக இருக்கும். ஒரு பாதுகாப்புத் திருத்தத்தை ஏழு கோப்பில் செய்துவிட்டு எட்டாவதை மறந்திருப்போம். உள்ளே வருபவன் அந்த எட்டாவது வழியாகத்தான் வருவான்.

இதற்குத் தீர்வு துணுக்கு. எல்லாத் தளத்துக்கும் பொதுவான வரிகளை ஒரு தனிக் கோப்பில் ஒருமுறை எழுதி, வேண்டிய இடத்தில் ஒரே வரியில் அழைத்துக்கொள்வது. தட்டச்சு மிச்சம் என்பது அதன் சின்னப் பயன்தான். ஒரு விதியைத் திருத்த வேண்டியபோது அது எங்கே இருக்கிறது என்று தெரிவதும், அங்கே திருத்தினால் எல்லா இடத்திலும் திருந்துவதும்தான் பெரிய பயன். நாளை உங்கள் வேலையை இன்னொருவர் ஏற்கும்போது அவருக்கும் அது ஒன்றே வழிகாட்டும்.

இந்த அத்தியாயம் என்ஜின்எக்ஸ் சர்வரை வைத்து நடக்கிறது. ஈகோர் சிசோயெவ் 2004 அக்டோபரில் பொதுவில் வெளியிட்ட இந்த மென்பொருள், குறைந்த நினைவகத்தில் நிறைய இணைப்புகளைத் தாங்கக்கூடியது. சிறிய சர்வருக்குப் பொருத்தமும் அதனால்தான். கட்டளைகளை ஒலிக்கும் விதத்தில் தமிழில் எழுதியிருக்கிறேன். இரண்டு மூன்று சொல் சேர்ந்த கட்டளைகளைத் தட்டச்சிடும்போது சொற்களுக்கு நடுவே அடிக்கோடு இடுங்கள்.

6.1 மூன்று அடுக்கு, மூன்று கோப்புறை

என்ஜின்எக்ஸ் கான்ஃபிக் மூன்று அடுக்காக நடக்கிறது. வெளியே ‘எச்டிடிபி’ அடுக்கு: சர்வர் முழுமைக்கும் பொது. அதற்குள் ‘சர்வர்’ அடுக்கு: ஒரு தளத்துக்கு ஒன்று. அதற்குள் ‘லொக்கேஷன்’ அடுக்கு: தளத்துக்குள் ஒரு பாதைக்கு ஒன்று. வெளி அடுக்கில் சொன்னது பொதுவாக உள் அடுக்குக்கும் செல்லும். உள்ளே வேறு சொன்னால் அங்கே உள்ளே சொன்னதே செல்லும்.

டெபியனிலும் உபுண்டுவிலும் இதற்கேற்ற கோப்புறைகள் தயாராக வருகின்றன. ‘கான்ஃப்.டி’ கோப்புறையில் .கான்ஃப் என முடியும் எல்லாக் கோப்பையும் என்ஜின்எக்ஸ் தானாகவே எச்டிடிபி அடுக்கில் சேர்த்துக்கொள்ளும். ‘சைட்ஸ்-எனேபிள்ட்’ கோப்புறையில் இருக்கும் தளக் கோப்புகளையும் அப்படியே. ‘ஸ்னிப்பெட்ஸ்’ கோப்புறையை மட்டும் அது தானாகத் தொடாது. நீங்கள் ‘இன்க்ளூட்’ கட்டளையால் அழைத்தால்தான் அதிலுள்ள கோப்பு வேலை செய்யும்.

எந்த வரி எங்கே போக வேண்டும் என்பதற்கு இந்த வேறுபாடே விடை தருகிறது.

1. எல்லாத் தளத்துக்கும் எப்போதும் பொருந்துவது கான்ஃப்.டி கோப்புறைக்கு. இதற்குத் துணுக்கே தேவையில்லை. மேலடுக்கிலிருந்து தானாகக் கீழே இறங்கும்.
2. சில தளத்துக்கு மட்டும், அல்லது சர்வர், லொக்கேஷன் அடுக்கில் மட்டும் பொருந்துவது ஸ்னிப்பெட்ஸ் கோப்புறைக்கு.
3. ஒரே ஒரு தளத்துக்கு உரியது அந்தத் தளத்தின் கோப்பிலேயே இருக்கட்டும்.

லொக்கேஷன் வரி அடங்கிய துணுக்கைத் தவறி கான்ஃப்.டி-யில் போட்டால், இந்தக் கட்டளைக்கு இங்கே அனுமதியில்லை என்ற பிழை வரும். அந்தப் பிழையைப் பார்த்தால் கோப்பின் உள்ளடக்கத்தைத் திருத்தாதீர்கள். கோப்பு இருக்கும் இடத்தை மாற்றுங்கள்.

சைட்ஸ்-எனேபிள்ட் கோப்புறையில் பழைய கோப்பின் நகலை வைக்கும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். டெபியன் அமைப்பு அங்கே .கான்ஃப் என்ற முடிவைப் பார்ப்பதில்லை. கிடக்கும் எல்லாக் கோப்பையும் படிக்கும். காப்புக்காக வைத்த நகலும் படிக்கப்பட்டு, ஒரே தளப் பெயர் இரண்டு இடத்தில் மோதும்.

6.2 மேலடுக்கு: தமிழ்ப் பக்கத்தை விரைவாக அனுப்புதல்

யூடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட். தமிழ், மலையாளக் குறியீடு ஒன்றுக்கு மூன்று பைட். ‘க்’ என்பது ககரமும் புள்ளியும் சேர்ந்தது; ஆகவே ஆறு பைட். கைபேசி சிக்னல் வளைவுக்கு வளைவு மாறும் மலைப்பாதையில் இந்தச் சுமை நன்றாகவே தெரியும்.

நல்ல செய்தி, இந்தச் சுமை எளிதில் சுருங்கும். தமிழ் எழுத்தின் மூன்று பைட்டில் முதலாவது எப்போதும் ஒன்றே. இரண்டாவது இரண்டே மதிப்புகளில் ஒன்று. திரும்பத் திரும்ப வருவதைச் சுருக்குவதுதான் ஜிஸிப் செய்யும் வேலை. ஆகவே ஜிஸிப்பால் ஒரு தமிழ்ப் பக்கம் அடையும் லாபம் பெரிது.

உபுண்டு தரும் மூலக் கான்ஃபிக்கில் ஜிஸிப் ஏற்கெனவே ‘ஆன்’ ஆக இருக்கும். ஆனால் எந்தெந்த வகைக் கோப்பைச் சுருக்க வேண்டும் என்று சொல்லும் ‘ஜிஸிப் டைப்ஸ்’ வரி கமென்ட்டாக முடக்கப்பட்டிருக்கும். அப்போது எச்டிஎம்எல் மட்டுமே சுருங்கும். சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட், ஜேசன், எஸ்விஜி எல்லாம் முழு எடையில் போகும். கான்ஃப்.டி-யில் ‘சுருக்கம்’ என்று பொருள்படும் பெயரில் ஒரு கோப்பு திறந்து இவற்றை எழுதுங்கள்:

– ஜிஸிப் டைப்ஸ்: மேலே சொன்ன வகைகளோடு சாதாரண உரைக் கோப்பும். ஜேபெக் படங்களையும் டபிள்யூஓஎஃப்எஃப்2 எழுத்துருவையும் சேர்க்க வேண்டாம். அவை ஏற்கெனவே சுருங்கியவை.
– ஜிஸிப் காம்ப் லெவல்: தானாக இருப்பது 1. அதை 5 ஆக்குங்கள். அதற்கு மேல் போனால் சர்வரின் உழைப்புதான் கூடும்.
– ஜிஸிப் வேரி: ஆன்.

ஜிஸிப் ஆன் என்ற வரியை இங்கே மறுபடி எழுதாதீர்கள். ஒரே அடுக்கில் ஒரே கட்டளை இருமுறை வந்தால் பல கட்டளைகளுக்கு என்ஜின்எக்ஸ் ‘டூப்ளிகேட்’ என்று சொல்லி நின்றுவிடும்.

அடுத்தது ‘சார்செட் யூடிஎஃப்-8’ என்ற ஒரு வரி. இதை எழுதாவிட்டால், .டிஎக்ஸ்டி கோப்பில் வைத்த தமிழ் அறிவிப்பைப் பிரவுசர் வேறு குறியாக்கமாக எடுத்துக்கொண்டு புரியாத எழுத்துகளாகக் காட்டக்கூடும். எச்டிஎம்எல் பக்கத்தில் குறியாக்கத்தைப் பக்கத்துக்குள்ளேயே சொல்லலாம். வெறும் உரைக் கோப்பில் சொல்ல இடமில்லை. சர்வர்தான் சொல்ல வேண்டும்.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. பழைய தமிழ்க் கோப்புகள் எல்லாம் யூனிகோட் அல்ல. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம்கூடத் தன் மின்னூல்களை முதலில் டிஸ்கி போன்ற, யூனிகோட் அல்லாத முறைகளில்தான் வெளியிட்டது. யூனிகோட் பதிப்புகள் பின்னர் வந்தன. சங்கத்தின் பழைய மலர்கள் டிஸ்கியிலோ வேறு எழுத்துரு முறையிலோ இருந்தால், சர்வர் அனுப்பும் யூடிஎஃப்-8 அறிவிப்பு பக்கத்துக்குள் எழுதியிருப்பதையும் மீறிவிடும். அந்தக் கோப்புறைக்கு மட்டும் ஒரு லொக்கேஷன் திறந்து ‘சார்செட் ஆஃப்’ என்று எழுதுங்கள். கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றிய பிறகு அதை எடுத்துவிடலாம்.

தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ‘கொ’ என்ற எழுத்தைக் ககரம், ஒகரக் குறி என்று இரண்டு குறியீடாகவும் சேமிக்கலாம். ககரம், ஒற்றைக்கொம்பு, துணைக்கால் என்று மூன்றாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. லினக்ஸுக்கு வேறு வேறு பெயர். கோப்பு இருந்தும் 404 வந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

6.3 முதல் துணுக்கு: சான்றிதழும் புள்ளிக் கோப்புகளும்

லெட்ஸ் என்கிரிப்ட் இலவசமாகத் தரும் சான்றிதழின் வழக்கமான ஆயுள் 90 நாள். இந்தக் காலம் இனிக் குறையத்தான் போகிறது: எல்லா நிறுவனங்களும் தரும் பொதுச் சான்றிதழ்களின் உச்ச ஆயுள் 2029 மார்ச் 15 முதல் 47 நாள் என்று 2025-இல் முடிவாகிவிட்டது. ஆகவே புதுப்பித்தல் மனிதர் நினைவை நம்பி நடக்கக் கூடாது.

புதுப்பிக்கும்போது லெட்ஸ் என்கிரிப்ட், தளத்தின் ‘.வெல்-நோன்/அக்மி-சேலஞ்ச்’ என்ற பாதையில் ஒரு கோப்பைக் கேட்டுப் பார்க்கும். அந்தப் பாதையை எல்லாத் தளத்துக்கும் ஒரே பொதுக் கோப்புறைக்குத் திருப்பும் லொக்கேஷனை ஒரு துணுக்காக எழுதுங்கள். ஒவ்வொரு தளத்தின் 80-ஆம் போர்ட் சர்வர் பகுதியிலும் அதை இன்க்ளூட் செய்யுங்கள்.

இதோடு சேர்ந்தே வர வேண்டியது, புள்ளியில் தொடங்கும் கோப்புகளை மறைக்கும் துணுக்கு. கடவுச்சொல் இருக்கும் .என்வ் கோப்பும், மூல நிரல் முழுவதும் கிடக்கும் .கிட் கோப்புறையும் தளத்தின் வேர்க் கோப்புறைக்குள் தவறி இருந்துவிட்டால், தானியங்கித் தேடல்கள் அவற்றை விரைவில் கண்டுபிடித்துவிடும். புள்ளியில் தொடங்கும் எந்தப் பாதைக்கும் ‘டினை ஆல்’ என்பதே இந்தத் துணுக்கு.

இரண்டும் சேர்ந்தால் ஒரு மோதல் வரும். வெல்-நோன் பாதையும் புள்ளியில்தான் தொடங்குகிறது. மறைக்கும் விதி ரெஜெக்ஸ் வடிவில் இருப்பதால், சாதாரண லொக்கேஷனை அது மிஞ்சிவிடும். தளம் நன்றாகவே ஓடும். மாதங்கள் கழித்துப் புதுப்பித்தல் மட்டும் தோற்கும். ஆகவே சான்றிதழ்த் துணுக்கின் லொக்கேஷனில் பாதைக்கு முன் ‘^~’ குறியை இடுங்கள். இந்தப் பாதை பொருந்தினால் ரெஜெக்ஸைப் பார்க்காதே என்பது அதன் பொருள்.

சான்றிதழ் புதுப்பித்ததும் என்ஜின்எக்ஸை ரீலோட் செய்யும் ஏற்பாடும் வேண்டும். இல்லாவிட்டால் வட்டில் புதிய சான்றிதழ் இருந்தும் சர்வர் பழையதையே காட்டிக்கொண்டிருக்கும்.

6.4 இரண்டாவது துணுக்கு: பாதுகாப்பு ஹெடர்கள்

‘ஆட் ஹெடர்’ கட்டளையால் அனுப்பும் பாதுகாப்பு வரிகள் துணுக்குக்கு மிகப் பொருத்தமானவை. கோப்பின் வகையை ஊகிக்காதே என்று பிரவுசருக்குச் சொல்வது, வேறு தளம் நம் பக்கத்தைத் தன் சட்டத்துக்குள் காட்டுவதைத் தடுப்பது, எப்போதும் எச்டிடிபிஎஸ் வழியே வா என்று கட்டாயப்படுத்தும் எச்எஸ்டிஎஸ் – இவை அடிப்படை. ஒவ்வொரு வரியின் முடிவிலும் ‘ஆல்வேஸ்’ என்று சேருங்கள். சேர்க்காவிட்டால் 404, 500 போன்ற பிழைப் பக்கங்களோடு இந்த ஹெடர்கள் போகாது.

இங்கேதான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். ஆட் ஹெடர் மேலடுக்கிலிருந்து கீழே இறங்குவதற்கு ஒரு நிபந்தனை உண்டு: கீழடுக்கில் ஆட் ஹெடர் ஒன்றுகூட இருக்கக் கூடாது. சர்வர் அடுக்கில் ஐந்து பாதுகாப்பு வரிகளை இன்க்ளூட் செய்துவிட்டு, படங்களுக்கான லொக்கேஷனில் கேஷ் பற்றி ஒரே ஒரு ஆட் ஹெடர் எழுதினாலும் போதும். அந்த லொக்கேஷனில் ஐந்தும் மறைந்துபோகும். எச்சரிக்கை எதுவும் வராது. ப்ராக்ஸிக்கான ‘ப்ராக்ஸி செட் ஹெடர்’ கட்டளைக்கும் இதே விதிதான்.

தப்பிக்க இரண்டு வழி. லொக்கேஷனில் ஆட் ஹெடர் தவிர்க்க முடியாததென்றால், பாதுகாப்புத் துணுக்கை அங்கேயும் ஒருமுறை இன்க்ளூட் செய்யுங்கள். கேஷ் காலத்தைச் சொல்வதுதான் நோக்கமென்றால் ‘எக்ஸ்பயர்ஸ்’ கட்டளையைப் பயன்படுத்துங்கள். அது தனிக் கட்டளை என்பதால் மேலிருந்து வரும் ஹெடர்களைத் தடுக்காது.

எச்எஸ்டிஎஸ் வரியில் மட்டும் அவசரம் வேண்டாம். அதில் 31536000 என்று எழுதினால் ஒரு வருடத்துக்குப் பிரவுசர் அதை நினைவில் வைத்திருக்கும். அதற்கிடையே சான்றிதழ் காலாவதியானால், எச்சரிக்கையைத் தாண்டி உள்ளே போகும் வழிகூட வாடிக்கையாளருக்கு இருக்காது. முதலில் 300 நொடி வைத்துப் பாருங்கள். சான்றிதழ் தானாகப் புதுப்பிக்கப்படுவதை ஒரு சுற்றாவது உறுதி செய்துகொண்ட பிறகு கூட்டுங்கள்.

6.5 மூன்றாவது துணுக்கு: ப்ராக்ஸி

அறை முன்பதிவும் ஏலக்காய் விற்பனையும் பெரும்பாலும் தனி மென்பொருளாகப் பின்னால் ஓடும். என்ஜின்எக்ஸ் முன்னால் நின்று கோரிக்கையைக் கடத்தும். கடத்தும்போது தளத்தின் பெயர், வந்தவரின் ஐபி முகவரி, அவர் வந்தது எச்டிடிபிஎஸ் வழியா என்பது ஆகியவற்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்த வரிகள் எல்லா மென்பொருளுக்கும் ஒன்றே. துணுக்காக்குங்கள்.

‘ப்ராக்ஸி பாஸ்’ வரியைத் துணுக்குக்குள் வைக்காதீர்கள். எந்தப் போர்ட்டுக்கு அனுப்புவது என்பது தளத்துக்குத் தளம் வேறு. என்ஜின்எக்ஸின் இன்க்ளூட் கட்டளைக்கு மதிப்புகளை அளிக்க முடியாது; கோப்பில் இருப்பது அப்படியே வந்து விழும். ‘செட்’ கட்டளையால் ஒரு மாறியில் வைத்துக் கடத்தலாம்தான். ஆனால் எல்லாக் கட்டளையும் மாறியை ஏற்காது, ப்ராக்ஸி பாஸும் மாறி வந்தால் பாதையைக் கையாளும் விதத்தை மாற்றிக்கொள்ளும். அந்த ஒரு வரியைத் தளக் கோப்பில் எழுதுவதே தெளிவு.

கோப்பேற்ற அளவும் அப்படித்தான். என்ஜின்எக்ஸ் தானாக அனுமதிப்பது 1 எம்பி. கைபேசியில் எடுத்த அறைப் படம் அதைத் தாண்டும். 413 பிழை வரும். எச்டிடிபி அடுக்கில் பொதுவாக ஓர் அளவு வைத்து, பெரிய படம் ஏற்றும் தளத்தின் கோப்பில் கூடுதலாக வையுங்கள். துணுக்கிலும் தளக் கோப்பிலும் ஒரே அடுக்கில் எழுதினால் மறுபடியும் டூப்ளிகேட் பிழைதான்.

லாகின் பக்கத்துக்கு வேகக் கட்டுப்பாடு வைப்பவர்கள் அதை இரண்டாகப் பிரிக்க வேண்டியிருக்கும். மண்டலத்தை வரையறுக்கும் வரி எச்டிடிபி அடுக்கில் மட்டுமே செல்லும்; கான்ஃப்.டி-யில் வையுங்கள். பயன்படுத்தும் வரி துணுக்கில். வரம்பை மிக இறுக்கமாக வைக்க வேண்டாம். கைபேசி நிறுவனங்கள் பல பயனர்களை ஒரே ஐபி முகவரிக்குப் பின்னால் வைக்கின்றன. ஒருவரைத் தடுக்கப்போய் கடைத்தெருவில் பாதிப்பேரைத் தடுத்துவிடக்கூடும்.

6.6 சோதிக்காமல் ரீலோட் இல்லை

ஒரு துணுக்கைத் தொட்டால் பத்துத் தளத்தைத் தொடுகிறீர்கள். பயன் எவ்வளவு பரவுகிறதோ பிழையும் அவ்வளவு பரவும். ஆகவே இந்த வரிசையை ஒருபோதும் மாற்றாதீர்கள்:

1. மாற்றத்தை கிட்டில் பதியுங்கள். ஏன் மாற்றினீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். சான்றிதழின் தனிச்சாவியை அதில் சேர்க்காதீர்கள்.
2. ‘என்ஜின்எக்ஸ் -டி’ ஓட்டுங்கள் (சிறிய டி). எழுத்துப் பிழையும் தவறான இடமும் இங்கே தெரிந்துவிடும்.
3. பெரிய டி போட்டு ஓட்டினால், இன்க்ளூட் செய்த கோப்புகளும் சேர்ந்த முழுக் கான்ஃபிக்கும் திரையில் வரும். நீங்கள் மாற்றிய வரி அதில் இருக்கிறதா என்று தேடுங்கள்.
4. ரீலோட் செய்யுங்கள்; ரீஸ்டார்ட் வேண்டாம்.
5. கர்ல் கட்டளையால் ஒவ்வொரு தளத்தின் ஹெடரையும் பாருங்கள். முகப்பு, ஒரு படம், இல்லாத ஒரு பக்கம் – மூன்றையும்.

மூன்றாவது படியைப் பலர் தாண்டிவிடுவார்கள். இன்க்ளூட்டில் நட்சத்திரக் குறி போட்டிருந்து, பாதையில் ஓர் எழுத்து பிழையாக இருந்தால், எந்தக் கோப்பும் சேராது, பிழையும் வராது. பாதுகாப்புத் துணுக்கு இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருப்பீர்கள். துணுக்கை எப்போதும் முழுப் பெயரில் அழையுங்கள். அப்போது கோப்பு இல்லையென்றால் இரண்டாவது படியிலேயே தெரிந்துவிடும்.

நான்காவது படிக்கும் காரணம் உண்டு. கான்ஃபிக்கில் பிழை இருக்கும்போது ரீலோட் கொடுத்தால் என்ஜின்எக்ஸ் அதை மறுத்துவிட்டுப் பழைய அமைப்பிலேயே தொடரும். ரீஸ்டார்ட் கொடுத்தால் நின்றுவிடும், பிறகு எழாது. பள்ளி அலுவலகத்திலேயே சர்வர் வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். ரீலோட் தோற்றதைக் கவனிக்காமல் விட்டால் பிழை கோப்பிலேயே காத்திருக்கும். அடுத்த மின்தடைக்குப் பிறகு எல்லாத் தளமும் ஒன்றாகப் படுத்துவிடும்.

6.7 வேறு சர்வர் என்றால்

அப்பாச்சியில் இதே வேலைக்கு ‘கான்ஃப்-அவைலபிள்’ கோப்புறையும், அதிலுள்ளதை இயக்க ‘ஏ2என்கான்ஃப்’ கட்டளையும் உண்டு. 2.4.5 பதிப்பிலிருந்து மோட் மேக்ரோ உடன் வருகிறது. தளப் பெயர், போர்ட் போன்றவற்றை அளித்துத் துணுக்கை அழைக்கலாம். ‘இன்க்ளூட்ஆப்ஷனல்’ என்ற கட்டளை, கோப்பு இல்லாவிட்டாலும் அமைதியாகப் போய்விடும்; பாதுகாப்பு வரிகளுக்கு அதைப் பயன்படுத்தாதீர்கள். கேடி சர்வரில் அடைப்புக்குறிக்குள் பெயர் வைத்துத் துணுக்கை எழுதி ‘இம்போர்ட்’ செய்யலாம், மதிப்பும் அளிக்கலாம். சான்றிதழை அது தானே வாங்கிப் புதுப்பிக்கும், 6.3-இன் முதல் பாதி அங்கே தேவைப்படாது.

மற்றவர்கள் எழுதி வைத்த துணுக்குகளும் கிடைக்கின்றன. எச்டிஎம்எல்5 பாய்லர்பிளேட் திட்டம் என்ஜின்எக்ஸ், அப்பாச்சி இரண்டுக்கும் தொகுத்திருக்கிறது. டிஎல்எஸ் வரிகளுக்கு மொசில்லாவின் கான்ஃபிக் உருவாக்கி நம்பகமானது. மூன்று நிலைகளில் ‘இன்டர்மீடியட்’ நிலையை எடுங்கள். டிஎல்எஸ் 1.0, 1.1 இரண்டும் 2021 மார்ச்சில் முறைப்படி விலக்கப்பட்டுவிட்டன, 1.2, 1.3 போதும். எதை எடுத்தாலும் முழுதாகப் படித்து, வரிக்கு வரி பொருள் தெரிந்த பிறகே சேருங்கள்.

6.8 துணுக்கு எழுதும்போது பின்பற்ற வேண்டியவை

– ஒரு துணுக்கு, ஒரு வேலை. ‘பொது’ என்று பெயர் வைத்து எல்லாவற்றையும் கொட்டாதீர்கள்.
– கோப்பின் முதல் வரியில் மூன்று தகவல்: எந்த அடுக்கில் அழைக்க வேண்டும், எதற்காக, கடைசியாக எப்போது சரிபார்த்தது. தமிழிலேயே எழுதலாம், கமென்ட்டில் என்ஜின்எக்ஸ் எந்த மொழியையும் ஏற்கும்.
– துணுக்குக்குள் இன்னொரு துணுக்கை அழைக்காதீர்கள். தளக் கோப்பைத் திறந்ததும் என்னென்ன சேர்கிறது என்று ஒரே பார்வையில் தெரிய வேண்டும்.
– தளப் பெயர், சான்றிதழின் பாதை, ப்ராக்ஸி போர்ட், வேர்க் கோப்புறை: இந்த நான்கும் எப்போதும் தளக் கோப்பிலேயே. .இந்தியா போன்ற தமிழ்க் களப்பெயர் என்றால் அதன் ப்யூனிகோட் வடிவத்தை எழுதுங்கள்.
– இரண்டு தளத்திலாவது ஒரே வரிகள் தேவைப்படும் வரை துணுக்காக்காதீர்கள். எது உண்மையில் பொது என்பது இரண்டாவது தளம் வந்தபிறகுதான் தெரியும்.
– ஒரு தளத்துக்கு விதிவிலக்கு வேண்டுமென்றால் துணுக்கை வளைக்காதீர்கள். அந்தத் தளத்தில் துணுக்கை எடுத்துவிட்டு வரிகளை நேரடியாக எழுதி, காரணத்தைப் பக்கத்தில் குறியுங்கள்.

இப்படிப் பிரித்து முடித்த பிறகு ஒரு தளக் கோப்பு பதினைந்து இருபது வரிக்குள் அடங்கும்: பெயர், சான்றிதழ், வேர், மூன்று நான்கு இன்க்ளூட். சரியாகப் பிரித்தீர்களா என்று பார்க்க, வெளியாள் ஒருவரிடம் அந்தக் கோப்பைக் காட்டி இந்தத் தளத்தில் என்ன தனி, என்ன பொது என்று கேளுங்கள். அவர் கேள்வி கேட்காமல் பதில் சொல்லிவிட்டால் உங்கள் வேலை முடிந்தது. தயங்கினால், தயங்கிய இடத்தில்தான் துணுக்கின் பெயரையோ கமென்ட்டையோ திருத்த வேண்டும். அடுத்த தளத்தை ஏற்றும் முன் அதைச் செய்துவிடுங்கள்.